வேரை வெட்டவா, கல்லை நகர்த்தவா?

"ரெண்டு மணி நேர வேலை சார். ஜேசிபி வந்து ஒரே இழுப்பு, வேர் போயிடும். மேல கான்கிரீட் போட்டு மூடிடலாம்." எங்கள் குடியிருப்பு வாசலில் நின்றபடி ஒப்பந்ததாரர் இப்படிச் சொன்னபோது நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஆட்டாமல் என்ன செய்வார்கள்? பெருங்கொன்றையின் வேர் பேவர் பிளாக்குகளை அரை அடிக்குத் தூக்கி வைத்திருக்கிறது. முதல் மாடி மாமி அதில் தடுக்கி விழுந்து, கையில் மாவுக்கட்டோடு இருக்கிறார். மரத்தின் மேல் யாருக்கும் பகை இல்லை. நடக்க வழி வேண்டும், அவ்வளவுதான்.

வேர் ஏன் அங்கே வந்தது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதி விவாதம் தீர்ந்துவிடும். மரம் என்றால் மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். அதனால் பெரும்பாலான வேர்கள் மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் படர்கின்றன, கிளைகளின் விளிம்பையும் தாண்டி. பேவர் பிளாக்குக்குக் கீழே மெத்தை மாதிரி மணல் பரப்பியிருக்கிறோம். இரவில் கல் குளிரும்போது அடிப்பக்கம் ஈரம் கோத்துக்கொள்ளும். ஈரமும் காற்றும் பொலபொலவென்ற மணலும் ஒரே இடத்தில். பென்சில் பருமனில் ஒரு வேர் உள்ளே போகிறது. பிறகு அடிமரம் பருப்பது போல அதுவும் வருடா வருடம் பருக்கிறது. கல்லுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. விருந்துக்கு இலை போட்டது நாம், வந்துவிட்டது என்று கோபப்படுவதும் நாம்.

<b>வெட்டுவது</b>

செலவு குறைவு, கண்ணுக்கு உடனே பலன் தெரியும். ஒழுங்காகச் செய்தால் மரம் தாங்கவும் செய்யும். ஆனால் அந்த 'ஒழுங்காக' என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மர வல்லுநர்கள் சொல்லும் பொது விதி: அடிமர விட்டத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு தள்ளித்தான் வெட்ட வேண்டும்; ஐந்து மடங்கு என்றால் நல்லது. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும், மண்ணைக் கையால் விலக்கிவிட்டு, ரம்பத்தால் சீராக. ஜேசிபியின் வாளி வேரை அறுப்பதில்லை; பிய்க்கிறது. அந்தக் கிழிசல் மரத்தின் பக்கமாக உள்ளே ஓடி, அழுகல் புக வாசல் திறந்துவிடும்.

தையல்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் எங்கள் மரத்தை அளந்தேன். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு ஐந்தடி, அதாவது சுமார் 150 செ.மீ. 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 48 செ.மீ. மூன்று மடங்கு என்றால் கிட்டத்தட்ட 1.45 மீட்டர், ஐந்து மடங்கு என்றால் 2.4 மீட்டர். தூக்கிய கல் இருப்பதோ அடிமரத்திலிருந்து 70 செ.மீ. தூரத்தில். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. சென்னைத் தெருக்களில் வளர்ந்து நிற்கும் மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே விடைதான் வரும் என்பது என் ஊகம். நம் நடைபாதையில் மரத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தாலே அதிசயம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் வார்தா புயல். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி சாயங்காலம் தெருவில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பெருங்கொன்றை, மயில்கொன்றை, தூங்குமூஞ்சி என்று ஆயிரக்கணக்கில் குப்புறக் கிடந்தன. மென்மையான மரம், கனத்த தலை என்று காரணங்கள் பல. ஆனால் வேரோடு பெயர்ந்த மரங்களில் சிலவற்றை உற்றுப் பார்த்தபோது, சாலைப் பக்கம் வேரே இல்லாமல் சுவர் மாதிரி தட்டையாக இருந்ததை நானே கண்டேன். மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் நடைபாதைக்கும் தோண்டியபோது அறுத்தது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்க வேர்தான் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்து மரத்தை நிறுத்துகிறது. அதை அறுத்துவிட்டால் இலை வாடாது, பூ நிற்காது, வெளியே ஒன்றுமே தெரியாது. ஒரு புயல் இரவு வரைக்கும்.

(வேரில் ஆசிட் ஊற்றலாம், உப்பு போடலாம் என்று யோசனை சொல்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. அது ஒப்பீட்டில் சேராது, கொலைக் கணக்கில் சேரும்.)

<b>தடுப்புத் தகடு</b>

கெட்டியான பிளாஸ்டிக் தகட்டை ஒன்றரை, இரண்டடி ஆழத்துக்கு மண்ணில் இறக்கி, வேரைக் கீழே திருப்பிவிடும் முறை. கேட்க நன்றாக இருக்கிறது. வளர்ந்த மரத்துக்கு இதைப் போட வேண்டுமானால் பள்ளம் வெட்ட வேண்டும். பள்ளம் வெட்டினால் வேரை வெட்ட வேண்டும். மேலே சொன்ன கணக்கே திரும்ப வருகிறது. கன்று நடும்போதே, அதுவும் நடைபாதை ஓரத்தில் மட்டும் நேர்கோடாகப் பதித்தால் சில வருடங்கள் வாங்கித் தரும். கன்றைச் சுற்றி வட்டமாகப் பதித்துவிடாதீர்கள். அது தொட்டிச் செடியாகிவிடும். கீழே மண் இறுகிக் கிடந்தால், தகட்டைத் தாண்டியதும் வேர் மறுபடி மேலேதான் வரும்.

<b>மண்ணையே மாற்றுவது</b>

உலக அளவில் அசத்தலான தீர்வு இதுதான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவானது: ஏறக்குறைய 80 பங்கு உடைத்த ஜல்லி, 20 பங்கு களி கலந்த மண். ஜல்லி ஒன்றோடொன்று முட்டி பாரத்தைத் தாங்கும், இடுக்கில் உள்ள மண்ணில் வேர் ஓடும். ஸ்டாக்ஹோமில் இன்னும் பெரிய கற்களோடு கரித்தூளும் சேர்க்கிறார்கள். புதிதாகத் தெரு போடும்போது இதற்கு நிகர் இல்லை. ஆனால் இருக்கிற மரத்தடியில் மூன்றடி தோண்டி மண்ணை மாற்றுவது, வீட்டுக்குள் ஆள் இருக்கும்போதே அஸ்திவாரம் மாற்றுவது போல. நமக்கு இப்போது உதவாது.

<b>பாதையை விட்டுக்கொடுக்க வைப்பது</b>

மீதி இருப்பது பாதையை நகர்த்துவது அல்லது உயர்த்துவது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் குறையில்லாத வழி என்று சொல்ல மாட்டேன். வளைத்துவிட இடம் வேண்டும். சாலைகளுக்கு அளவுகோல் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி நடக்க 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். உயர்த்தினால் சரிவு வேண்டும். சக்கர நாற்காலிக்கு 1:12 (ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளம்) என்றால், 15 செ.மீ. மேட்டுக்கு இரண்டு பக்கமும் 1.8 மீட்டர் நீளத்தில் சாய்வு. அதில் ஒன்று எங்கள் கேட் முன்னாலேயே வருகிறது. சில வருடம் கழித்துக் கல்லை மறுபடி எடுத்து அடுக்கவும் வேண்டும்.

அதனால்தான் கான்கிரீட்டா, பேவர் பிளாக்கா என்ற கேள்வியில் எனக்குச் சந்தேகமே இல்லை. கான்கிரீட் விரிசல் விட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்; பிளாக்கை இரண்டு பேர் ஒரு காலையில் கழற்றி அடுக்கிவிடலாம், மழையும் இடுக்கு வழியாக இறங்கும். மணல் மெத்தைக்குப் பதில் பொடி கலக்காத முக்கால் இன்ச் ஜல்லியை அரை அடி போட்டால் போதும்: அதில் ஈரம் நிற்காது, கல்லுக்கு அடியில் வேர் ஓடும் ஆசை குறையும். அடிமரத்தைக் கட்டிப்பிடித்த சிமெண்ட் திண்ணையையும் உடைத்தாக வேண்டும். 2013-இல் டெல்லி மரங்களுக்காக தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது சுற்றிலும் 1 மீட்டருக்கு சிமெண்ட் இருக்கக் கூடாது என்று. அதுவே நல்ல அளவு.

மாநகராட்சியிடம் கேட்டு, கடைசியில் அப்படித்தான் செய்தோம். வேரின் மேல் துணி விரித்து, ஜல்லி கொட்டி, பழைய கல்லையே அடுக்கினார் கொத்தனார். இரண்டு ஸ்கூட்டர் நிறுத்தும் இடம் போயிற்று. ஸ்கூட்டர்காரர்களில் ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. மாமி, மாவுக்கட்டு பிரித்த வாரம், சரிவில் மெதுவாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "கைப்பிடி ஒண்ணு வச்சிருக்கலாமே" என்றார். அது எங்கள் கணக்கில் இல்லை.