பம்பலப்பிட்டியில் வாங்கிய புதுக் கொம்பியூட்டரும் அதற்குள் இருந்த பழைய எஸ்எஸ்டியும்

புதிதாகப் பூட்டி வாங்கிய கொம்பியூட்டரில் விண்டோஸ் ஏறாமல் பாதியில் நின்றுவிடுகிறது. கடைக்குப் போன் எடுத்தால், "அது சொஃப்ட்வெயார் பிரச்சினை, வொரன்டிக்குள்ள வராது, கொண்டு வாங்க, போட்டுத் தாறம்" என்று காசு கேட்கிறார்கள். உங்களுக்கு இப்படி நடந்தால் தயவுசெய்து உடனே காசைக் கொடுத்துவிடாதீர்கள். நான் இரண்டு தடவை கொடுத்தேன், மொத்தம் 7,500 ரூபா. அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. அதையும் சொன்னால்தான் நான் ஏன் இதை எழுத உட்கார்ந்தேன் என்பது விளங்கும்.

எனக்குத் தொழில் பக்க வடிவமைப்பு. வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே செய்கிறேன். பெரும்பாலும் நினைவு மலர்கள்தான். ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் வருகிறவர்கள் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம்: தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, பேரப்பிள்ளைகள் எழுதியது, பழைய படங்கள். இந்த வேலையில் தவணை கேட்க முடியாது. முப்பத்தோராம் நாள் என்றால் முப்பத்தோராம் நாள்தான்.

என்னிடம் இருந்த பழைய இயந்திரத்தில் விண்டோஸ் 10 ஓடியது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பழைய போர்டில் அது இல்லை. சரி, இனிப் புதிது ஒன்று பூட்டுவோம் என்று முடிவெடுத்தேன். ரைசன் 5 5600ஜி பிராசசர், பி550 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) இரண்டு, 1 டெராபைட் எம்.2 எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்), கேசிங், பவர் சப்ளை. எல்லாம் சேர்த்து 168,000 ரூபா. காலி வீதிப் பக்கமாக ஒரு கடை. கடையின் பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு போயிருக்கிறது.

பின்னேரம் வந்து எடுக்கச் சொன்னார்கள். போனபோது எல்லாம் பூட்டி, மூடி, கவர் போட்டு வைத்திருந்தது. "பெட்டிகள் எங்க தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் இடம் பிடிக்கும் எண்டு எறிஞ்சிட்டம் அண்ணா, வொரன்டி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, அது காணும்" என்றான் கவுண்டரில் நின்ற பையன். மதர்போர்ட் பெட்டி மட்டும் இருந்தது. பில்லில் "எஸ்எஸ்டி 1டிபி – 1, ரேம் 8ஜிபி – 2" என்று எழுதியிருந்தது. கம்பனிப் பெயர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். ஓட்டோ வெளியே காத்திருந்தது, மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. காசைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

விண்டோஸ் போட 4,500 ரூபா கேட்டார்கள். எனக்கே போடத் தெரியும் என்று வேண்டாமென்றேன். மைக்ரோசொஃப்ட் தளத்தில் இருந்தே பென் டிரைவ் தயாரித்துத் தொடங்கினேன். 37 சதவீதத்தில் நின்று, தேவையான கோப்புகளை நிறுவ முடியவில்லை, அவை பழுதாகியிருக்கலாம் என்று 80070570 என முடியும் எண்ணைக் காட்டியது. பென் டிரைவில் பிழை என்று நினைத்து வேறொன்றில் புதிதாக இறக்கினேன். இம்முறை 62 சதவீதம். மூன்றாம் முறை முழுவதும் ஏறி, மறுபடி தொடங்கும்போது நீலத் திரை. நான்காம் முறை வேறு பெயரோடு இன்னொரு நீலத் திரை.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எனக்கு அப்போது தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், ஒரே பிழையோடு நின்றால் பெரும்பாலும் பென் டிரைவில் அல்லது இறக்கிய கோப்பில் கோளாறு. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு பெயரோடு நின்றால் முதலில் ரேமைச் சந்தேகிக்க வேண்டும், அடுத்தது டிஸ்க். விண்டோஸ் நிறுவும்போது பெரிய சுருக்கக் கோப்பொன்றை ரேமுக்குள் விரித்து டிஸ்க்கில் எழுதுகிறது. ரேமில் ஒரு பிட் மாறினாலும் கணக்குப் பொருந்தாது, கோப்புப் பழுது என்று நின்றுவிடும். பென் டிரைவில் கோப்பு நன்றாகத்தான் இருக்கும்.

கடைக்குப் போன் எடுத்தேன். "உங்கட பென் டிரைவ் சரியில்லை." தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றரை மணித்தியாலத்தில் போட்டுத் தந்தார்கள். "ஒரிஜினல் விண்டோஸ், அக்டிவேட் பண்ணியிருக்கு" என்று 4,500 எடுத்தார்கள். அவர்களிடம் ஏறியதால் பிழை என் பக்கம்தான் என்று நானும் நம்பிவிட்டேன். பழுதான ரேமிலும் சில வேளை ஏறும். மூன்றாம் முறை எனக்கே ஏறியதே, அதை அப்போது யோசிக்கவில்லை.

அந்தக் கிழமைதான் ஒரு குடும்பம் வந்தது. அம்மாவின் நினைவு மலர், 48 பக்கம், 300 பிரதி. மூத்த மகள் ஒரு பழைய அல்பத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தா. யாழ்ப்பாணத்து வீட்டில் இருந்து எப்படியோ மிஞ்சியது அது ஒன்றுதானாம். 1962ஆம் ஆண்டுக் கலியாணப் படம், மூலையில் ஸ்டூடியோ முத்திரை. எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிவிட்டு அல்பத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரவு, பக்கங்களை அடுக்கி வைத்திருந்த இன்டிசைன் கோப்பு திறக்க மறுத்தது. பழுது, மீட்க முடியாது என்றது. சரி, படங்களாவது இருக்கும் என்று பார்த்தேன். கலியாணப் படத்தில் மணமகளின் முகம் வரைக்கும் தெளிவாக இருந்தது. கழுத்துக்குக் கீழே பச்சையும் சாம்பலுமாகப் பட்டை பட்டையாக ஓடியது. இப்படிப் பதினொரு படம்.

மறுநாள் கடை. "வைரஸ் அண்ணா, ஆருடைய பென் டிரைவையோ குத்தியிருக்கிறீங்க." மறுபடி ஃபோர்மட், 3,000 ரூபா. அன்றிரவே நீலத் திரை.

தெஹிவளையில் இருக்கும் என் கூட்டாளி ஒருவன் வங்கியொன்றில் சேர்வர் பார்க்கிறவன். அவனை முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். வந்தவன் விண்டோஸைத் தொடவே இல்லை. மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கருவியைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தான். அதற்கு விண்டோஸ் தேவையில்லை, பயோஸில் (இயந்திரத்தின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பைச் சற்று நேரம் நிறுத்திவிட்டுப் பென் டிரைவிலிருந்தே ஓடவிடலாம். நாலாவது நிமிடத்தில் சிவப்பு வரிகள் விழத் தொடங்கின. "அவசரப்படாத மச்சான்" என்று, ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நிறுத்தி, ரேமைச் சாதாரண வேகத்துக்கு இறக்கி மறுபடி ஓடவிட்டான். வேகம் கூடியதால் மட்டும் தடுமாறுகிற ரேம் அப்போது சரியாகிவிடும். இது சரியாகவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரே துளையில் மாறி மாறிப் போட்டான். ஒரு ரேம் இரண்டு சுற்று முடித்தும் ஒரு பிழையும் இல்லை. மற்றது எந்தத் துளையில் போட்டாலும் சிவப்பு. அதாவது போர்டில் பிழை இல்லை, அந்த ஒரு ரேமில்தான்.

நல்ல ரேமை மட்டும் விட்டு விண்டோஸைத் திறந்து, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற கருவியில் எஸ்எஸ்டியைப் பார்த்தான். பார்த்தவன் கதைக்காமல் திரையை என் பக்கம் திருப்பினான். ஓடிய நேரம் 9,412 மணித்தியாலம். இயக்கிய தடவைகள் 1,106. எழுதிய அளவு 38 டெராபைட். நான் வாங்கிப் பத்து நாள். 9,412 மணித்தியாலம் என்றால் இரவு பகலாக ஒரு வருடத்துக்கும் மேல். டோர்ச் அடித்துப் பார்த்தால், கடையின் வொரன்டி ஸ்டிக்கருக்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த பசை தெரிந்தது. திருகு போடும் அரைவட்டப் பள்ளத்தைச் சுற்றி முன்பே பூட்டிக் கழற்றிய கீறல்.

கடைசியாக, "ஒரிஜினல்" விண்டோஸ். ரன் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற எழுத்துகள், ஓர் இடைவெளி, சாய்கோடு, டிஎல்வி என்று ஆங்கிலத்தில் அடித்தால் எந்த வகை உரிமம் என்று காட்டும். முறையாகக் காசு கொடுத்து வாங்கியது என்றால் ரீட்டெயில் அல்லது ஓஇஎம் என்று இருக்க வேண்டும். எனக்கு வந்தது வொலியூம் கேஎம்எஸ் கிளையண்ட், 180 நாள். நிறுவனங்கள் தங்கள் சொந்தச் சேர்வரை வைத்துச் செய்கிற அக்டிவேஷன் அது. வீட்டுக்குத் தனியாக வாங்கும் ஒருவருக்கு அது வர நியாயமே இல்லை. கள்ளக் கருவியால் செய்திருக்கிறார்கள். அந்தக் கருவிக்கு இடம் விடுவதற்காக டிஃபென்டர் என்ற விண்டோஸின் வைரஸ் தடுப்பு சி டிரைவ் முழுவதையும் சோதிக்காதபடி விலக்கியும் வைத்திருந்தார்கள். என்னிடம் "வைரஸ்" என்று சொன்ன அதே ஆட்கள்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் ஏறவில்லை என்றால் எப்போதும் சாமானில்தான் பிழை என்றில்லை. ஜிபிடி டிஸ்க்கில் நிறுவ முடியாது என்று செய்தி வந்தால், இயந்திரம் தொடங்கும்போது வரும் பட்டியலில் பென் டிரைவை யூஇஎஃப்ஐ என்று தொடங்கும் வரியில் இருந்து திறந்தால் போதும். சில இன்டெல் இயந்திரங்களில் டிஸ்க்கே தெரியாது. விஎம்டி என்ற அமைப்பை பயோஸில் நிறுத்தினாலோ அதற்குரிய டிரைவரைக் கொடுத்தாலோ தெரியும். எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசருக்குத் தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் படமே வராது. இவற்றுக்காகக் கடைக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

ஆதாரங்களோடு கடைக்குப் போனோம். ரேமை முறுமுறுத்துக்கொண்டு மாற்றினார்கள். எஸ்எஸ்டி விஷயத்தில் முதலாளியே வந்தார். முதலில் அந்த எண்கள் பிழையாகக் காட்டும் என்றார். பிறகு ஸ்டிக்கரின் மூலை கிளம்பியிருக்கிறது, வொரன்டி போய்விட்டது என்றார். கடைசியில், "தம்பி, இது எங்கட எஸ்எஸ்டி எண்டு பில்லில எங்க இருக்கு?" என்று கேட்டார். சீரியல் நம்பர் எழுதாத பில் எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதனால் கொம்பியூட்டர் எடுக்கப் போகிறவர்கள், கவுண்டரில் காசு வைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு சாமானின் கம்பனிப் பெயரையும் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள், பெட்டியில் உள்ள நம்பரும் சாமானில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். எஸ்எஸ்டியை உங்கள் கண்முன்னே பூட்டி, ஓடிய நேரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணையே அழித்துவிட்டு விற்கிறவர்களும் உண்டு: 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் பழைய சீகேட் ஹார்ட் டிஸ்க்குகளைச் சிலர் அப்படித்தான் புதிதென்று விற்றிருந்தார்கள், கம்பனிக்குத் தெரியாமல். ஆகவே எண் பூச்சியமாக இருந்தாலும் கீறலையும் பசையையும் பாருங்கள். முதல் நாள் இரவே மெம்டெஸ்டை ஓடவிட்டுவிட்டுப் படுங்கள், விண்டோஸ் அதற்குப் பிறகு.

நினைவு மலரைக் கூட்டாளியின் லப்டொப்பில் மறுபடி முதலில் இருந்து செய்தேன். அந்த அக்காவிடம் போய் அல்பத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது. அவ ஒன்றும் சொல்லவில்லை, எடுத்துத் தந்தா. ஆனால் இரண்டாம் தடவை அல்பம் வேலை முடியும் வரைக்கும் என் மேசையில் இருக்கவில்லை. அவவே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் கையில் தந்து, ஸ்கேன் ஆனதும் திரும்ப வாங்கி வைத்தா. முப்பத்தோராம் நாள் காலையில்தான் அச்சகத்தில் இருந்து 300 பிரதியும் வந்தது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தாலும் வழி சொல்வார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அந்தத் திகதியைத் தவற விடாதீர்கள். நான் பில், திரையின் படங்கள், மெம்டெஸ்டின் படம், இரண்டு தடவை கட்டிய காசுக்கான துண்டு எல்லாவற்றையும் இணைத்தேன். எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு கவரில் போட்டு, ஸ்டிக்கர் கிளம்பிய மூலையைத் தொடாமல் வைத்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிடும்போது அதையும் கொண்டுபோவேன். கடந்த மூன்று மாதத்துக்குள் கொழும்பில் பெட்டி இல்லாமல் எஸ்எஸ்டி வாங்கியவர்கள் இன்றிரவே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து ஓடிய நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.