மளிகைக் கடை மாடியில் குர்த்தி

மாதாமாதம் மளிகை வாங்கும் பெரிய கடையின் மாடியில், சொந்த பிராண்டில் பெண்களுக்கான உடைகளை இறக்கியிருக்கிறார்கள். ரேயான் குர்த்தி 399 ரூபாய் என்றதும் சந்தேகத்தோடுதான் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஓவர்லாக் தையல் ஒழுங்காக இருக்கிறது. பிரித்துவிட ஓரத்தில் துணியும் விட்டிருக்கிறார்கள். பாக்கெட் வேறு! போன் முழுசாக உள்ளே போகிறது. ரேயான் முதல் துவையலில் கொஞ்சம் சுருங்கும், அதனால் ஒரு சைஸ் கூட்டியே எடுத்தேன். லெக்கிங்ஸ் மட்டும் வேண்டாம், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே விட்ட கை தெரிகிறது. துப்பட்டாவோடு வரும் செட் 1,199. இந்த விலைக்கு முன்பு ஜிஎஸ்டி 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 5தான். அப்புறம், ட்ரையல் ரூம் இரண்டே இரண்டு. ஞாயிறு சாயங்காலம் போகாதீர்கள்.