புவியியல் பட்டத்துக்குப் பிறகு போக்குவரத்துத் திட்டமிடல்: மேப் வேலையா, எம்.பிளானா, வெளிநாடா?

போன வாரம் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பி.எஸ்சி. புவியியல் கடைசி வருஷம். "ஜியாகிரபி படிச்சா டீச்சர் வேலைதான்னு எல்லாரும் சொல்லுதாவ மாமா. நீங்க மட்டும் எப்படி ரோடு, பஸ்ஸுன்னு போனிய?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், நமக்கு இல்லாத ஒரு வழியைச் சொல்லிவிடுகிறேன். திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இருக்கும் டிரான்ஸ்போர்ட்டேஷன் இன்ஜினியரிங் எம்.டெக். சிவில் படித்தவர்களுக்கானது. தார்க் கலவையும் வளைவின் சாய்வும் அவர்கள் பாடு. நம்முடைய வேலை வேறு. யார், எங்கிருந்து எங்கே, எந்த நேரத்தில், எதில் ஏறி, எதற்காகப் போகிறார்கள் என்று கண்டுபிடித்து, பஸ்ஸும் பாலமும் எங்கே வேண்டும் என்று சொல்வது. அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன: கணினியில் வரைபடம் போட்டு அலசும் ஜி.ஐ.எஸ்., திட்டமிடலுக்கான மேற்படிப்பான எம்.பிளான், வெளிநாட்டுப் படிப்பு.

சீக்கிரம் சம்பளம் தருவது ஜி.ஐ.எஸ். வழி. க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். இஸ்ரோவின் கீழ் இயங்கும் டேராடூன் ஐ.ஐ.ஆர்.எஸ். நிறுவனம் இணையவழியில் இலவசமாகப் பாடம் நடத்துகிறது. ஆறு மாதம் உட்கார்ந்து பழகினால், சென்னையிலோ ஹைதராபாத்திலோ ஒரு வேலை கிடைத்துவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வீட்டில் கஷ்டம் என்றால் இந்த வழியை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்த வழியில் ஓர் இடத்துக்கு மேல் போக முடியாது. அப்போது நான் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். தென்காசி சாலைக்கு வாகனக் கணக்கெடுப்பு வந்தது. இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி ஏழு நாள், இரவு பகலாக எண்ணினார்கள். எண்ணியது ஆடி மாதத்தில், குற்றாலத்தில் சாரல் கட்டி அடித்துக்கொண்டிருந்தபோது! சனி, ஞாயிறில் அந்த ரோட்டில் வேனும் காரும் எப்படிப் போகும் என்று நம் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்றைப் படித்தவனுக்குக் காரணமும் தெரியும். "இது வருஷத்துக்குப் பொதுவான கணக்கு இல்லை, பருவத்துக்கு ஏற்பத் திருத்தணும்" என்று சொன்னேன். "நீ மேப்பை முடி" என்று பதில் வந்தது. மேப் போடுகிறவனுக்கு அங்கே வாய் கிடையாது. எம்.பிளான் படிக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

எம்.பிளான் வழியில் பலரும் இடறி விழுகிற இடம் ஒன்று உண்டு. என்னிடம் யாரும் சொல்லாததால் எனக்கு ஒரு வருஷம் போனது. இந்தியாவில் எம்.பிளான் சேர, புவியியல் இளங்கலை மட்டும் பொதுவாகப் போதாது. பி.பிளான், பி.ஆர்க்., பி.இ. சிவில் முடித்தவர்கள் நேராகச் சேரலாம். புவியியல், பொருளியல், சமூகவியல்காரர்கள் முதுகலை முடித்திருக்க வேண்டும். டெல்லியில் எஸ்.பி.ஏ. என்ற திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனத்தில் போக்குவரத்துத் திட்டமிடலுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியிலும் எம்.பிளான் உண்டு. முதுகலை இரண்டு வருஷம், எம்.பிளான் இரண்டு வருஷம், ஆக டிகிரிக்குப் பின் நான்கு வருஷம். எம்.எஸ்சி. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள், தகுதிப் பட்டியலில் உங்கள் பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

நான்கு வருஷம் நீளம்தான். ஆனால் வேறு எங்கும் கிடைக்காத பயிற்சி அங்கே கிடைக்கும். 1950களில் அமெரிக்காவில் டெட்ராய்ட், சிகாகோ நகரங்களுக்காக உருவான, பயணங்களைக் கணிக்கும் நான்கு படி முறைதான் இன்றும் அடிப்படை. ஒரு பகுதியிலிருந்து எத்தனை பயணம் கிளம்பும், அவை எங்கே போய்ச் சேரும், எந்த வண்டியில், எந்தப் பாதையில். முதல் இரண்டு படியும் முழுக்கப் புவியியல். எங்கள் திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையையும் மேலப்பாளையத்தையும் மண்டலமாகப் பிரிக்கும்போது, ஆறு எங்கே மறிக்கிறது, ரயில்பாதை எங்கே வெட்டுகிறது என்று நமக்குக் கண் தானாகப் போகும். தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் டவுன், இந்தப் பக்கம் பாளை. 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தில் இன்றைக்கும் ஏன் இவ்வளவு நெரிசல் என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

எண்ணிக்கையிலும் நுணுக்கம் உண்டு. எல்லா வண்டியையும் 'எத்தனை காருக்குச் சமம்' என்று மாற்றித்தான் கூட்டுவோம். 1990இல் வந்த சாலைப் பேரவை விதியில் கார் 1 என்றால் மோட்டார் சைக்கிள் அரை, பஸ்ஸும் லாரியும் 3, மாட்டுவண்டி 8. வண்டியின் அகலத்தையும் வேகத்தையும் வைத்துப் போட்ட கணக்கு அது. எட்டுக் கார் பிடிக்கும் இடத்தை ஒரு மாட்டுவண்டி பிடிக்கிறது என்று முதன்முதலில் படித்தபோது, எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தில் வைக்கோல் வண்டிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போனதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது, பிரிட்டன். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து ஆய்வுக்கென்றே ஒரு கழகம் இருக்கிறது. புவியியல் இளங்கலையோடு நேராக எம்.எஸ்சி. சேரலாம், ஒரே வருஷம். அந்த நாட்டில் புவியியல் படித்தவர்கள் இந்தத் தொழிலுக்கு வருவது சாதாரணம், யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். இங்கே நான்கு வருஷம், அங்கே ஒரு வருஷம் என்று பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வயலை விற்றோ கடன் வாங்கியோ போவதென்றால் யோசியுங்கள். பிரிட்டனின் ஓராண்டு முதுகலையை இந்தியா ஏற்கும் ஒப்பந்தம் 2022இல் கையெழுத்தானது உண்மை. ஆனாலும் இங்குள்ள அரசு அறிவிப்புகள் கேட்கும் தகுதி அந்தந்த அறிவிப்பைப் பொறுத்தது. அங்கே கற்பது ஒழுங்காக வரிசையில் போகும் வண்டிகளின் கணக்கு. ஆட்டோ, மினிபஸ், பைக் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போகும் நம் ஜங்ஷனுக்கு அதைத் திருத்தித்தான் பயன்படுத்த வேண்டும். அங்கேயே தங்கி வேலை பார்ப்பதாக இருந்தால் மட்டும் இந்த வழி.

என் கணக்கில் முதலில் நிற்பது எம்.பிளான்தான். ஜி.ஐ.எஸ்.ஸை விடச் சொல்லவில்லை. முதுகலை படிக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். விடுமுறையில் ஏதாவது ஒரு கணக்கெடுப்பில் படிவத்தோடு ரோட்டில் நின்றுவிடுங்கள். அது எத்தனை வகுப்புக்குச் சமம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

ஜங்ஷனில் பயணிகளிடம் "எங்கேருந்து வாரிய, எங்க போறிய, எதுக்குப் போறிய?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். படிவத்தில் நோக்கத்துக்கு ஐந்து கட்டம்: வேலை, படிப்பு, மருத்துவம், கடை, மற்றவை. மடியில் பைக்கட்டோடு ஒரு அம்மா "பீடிக் கடைக்கு" என்றார். கூட நின்ற பையன் "கடை" என்று டிக் போட்டான். வீட்டில் சுளவில் வைத்துச் சுற்றிய பீடியைக் கணக்குக் கொடுத்துவிட்டு, இலையும் தூளும் வாங்கி வரப் போகிறவர் அவர். அது வேலைக்கான பயணம். "கடை" என்று போனால், அவர் போகும் நேரத்துக்கு பஸ் வேண்டும் என்ற கணக்கே மாறிவிடும். 2021இல் இருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது இந்த ஒரு டிக்கில்தான் இருக்கிறது. அடித்து, "வேலை" என்று மாற்றினேன்.

அக்கா மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்போ ஆச்சி ஆனித் தேர் பாக்க டவுனுக்குப் போறது எந்தக் கட்டம் மாமா?"