சிறு ரோபோவுக்கு எந்தப் பற்றரி: லிப்போவா, 18650 கலங்களா?

நான்கு மஞ்சள் கியர் மோட்டார்கள், ஓர் ஆர்டுயினோ ஊனோ கட்டுப்பாட்டுப் பலகை, எல்298என் மோட்டார் பலகை ஆகியவற்றைக் கொண்ட ரோபோ வண்டியொன்றுக்குப் பற்றரி தெரிவுசெய்ய வேண்டியிருந்தபோது, கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு. ஒன்று இரு கலங்கள் கொண்ட 7.4 வோல்ற்று லிப்போ (லிதியம் பொலிமர்) பொதி. மற்றையது ஹோல்டரில் செருகும் இரண்டு 18650 லிதியம் அயன் கலங்கள், அதாவது 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள உருளைக் கலங்கள். நான் 18650ஐ எடுத்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். சதுர 9 வோல்ற்றுப் பற்றரி மல்ரிமீற்றருக்குப் போதும், மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அதனால் தாங்க முடியாது. யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ற்று ஈயப் பற்றரி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அதைச் சுமப்பதற்கே இன்னொரு வண்டி தேவை. ஆறு நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் ஏஏ கலங்கள் 7.2 வோல்ற்று தரும். அவை இரண்டு 18650 கலங்களைவிட ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ளவை என்றாலும், பாடசாலைப் பிள்ளைகளின் கைக்குப் பாதுகாப்பானவை என்பதால் அவர்களுக்கு இன்றும் அவற்றையே சொல்வேன்.

வோல்ற்றளவில் லிப்போவுக்கும் 18650க்கும் வேறுபாடு இல்லை. முழுச் சார்ஜில் கலமொன்றுக்கு 4.2 என இரண்டும் 8.4 வோல்ற்று தருகின்றன. எல்298என் பலகை அதில் ஏறத்தாழ இரண்டு வோல்ற்றை விழுங்கிவிட, மோட்டாருக்கு அதற்கு ஏற்ற ஆறு வோல்ற்று அளவே போய்ச் சேர்கிறது. மின்னோட்டத்தில் லிப்போதான் வெல்லும். 2200 மில்லி அம்பியர் மணியும், அந்தக் கொள்ளளவின் 25 மடங்கு மின்னோட்டம் தரலாம் என்னும் 25சி குறியும் உள்ள பொதி, கணக்கின்படி 55 அம்பியர் வரை கொடுக்கும். ஆனால் சில அம்பியர்களே கேட்கும் வண்டிக்கு அந்த வலிமையால் என்ன பயன்?

என் தெரிவைத் தீர்மானித்தது, பற்றரி ஓடும் நேரமன்று, சும்மா கிடக்கும் நேரம். வேலைக்குப் போகும் ஒருவர் போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினத்திலோ ஞாயிறு பிற்பகலிலோதான் ரோபோவைத் தொடுவார். மற்ற நாட்களெல்லாம் பற்றரி அலுமாரியில் இருக்கும். லிப்போவை முழுச் சார்ஜில் அப்படி வைக்கக்கூடாது. கலமொன்றுக்கு ஏறத்தாழ 3.8 வோல்ற்றில் வைக்க வேண்டும். அதாவது ஓடுவதற்கு முன் ஏற்ற வேண்டும், மழை வந்து அன்று ஓட்டாமல் விட்டால் திரும்ப இறக்கவும் வேண்டும். வெப்பமும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் கலத்தினுள் வாயு உருவாகி மென்மையான உறை உப்பும். ஆண்டு முழுவதும் முப்பது பாகையை ஒட்டி வெயில் அடிக்கும் கொழும்பில், ஓட்டுக்கூரைக்குக் கீழுள்ள மேல்மாடி அறையில், இது வெறும் எச்சரிக்கை வாசகமாக நின்றுவிடுவதில்லை. 18650 கலமும் அரைச் சார்ஜில்தான் நெடுநாள் வாழும் என்பது உண்மையே. ஆயினும் அதன் உருக்கு உறை கவனக்குறைவைக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும். ஹோல்டரிலிருந்து உருவி எடுத்துவிட்டால், ஆளி அணைக்கப்படாத பலகை அதை மெல்ல உறிஞ்சி 3 வோல்ற்றுக்குக் கீழே தள்ளும் ஆபத்தும் இல்லை. இரண்டில் ஒன்று பழுதானால் மீதியை டோர்ச்சுக்குப் பயன்படுத்தலாம், லிப்போவில் ஒரு கலம் போனால் பொதியே போயிற்று. வண்டிக்கு மட்டும் அதே வகையில், அதே வயதில் இரண்டு கலங்களைச் சோடியாகவே போட வேண்டும்.

சார்ஜ் செய்வதிலும் இதே எளிமைதான். லிப்போவுக்குக் கலங்களைத் தனித்தனியே சமப்படுத்தும் சார்ஜர் கட்டாயம். 18650ஐ இரு குழி கொண்ட சாதாரண சார்ஜரில், ஒவ்வொன்றையும் தனியே 4.2 வோல்ற்றுவரை ஏற்றலாம். 3000 மில்லி அம்பியர் மணிக் கலத்துக்கு ஓர் அம்பியரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் செல்லும். மலிவான டிபி4056 சார்ஜர் பலகை ஒற்றைக் கலத்துக்கானது என்பதால், தொடராக இணைத்த இரண்டுக்கு அதைப் பூட்டக்கூடாது.

குறைகளும் உண்டு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருப் பக்கம் கலம் வாங்கப் போனால், 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்ட கலங்களும் கண்ணில் படலாம். நம்பத்தக்க 18650 கலங்களின் கொள்ளளவு பெரும்பாலும் 3500 மில்லி அம்பியர் மணிக்குள் அடங்கும். எடையோ 45 கிராம் அளவில் இருக்கும். சிறிய டிஜிற்றல் தராசில் வைத்துப் பார்த்து, முப்பது கிராமுக்குக் கிட்ட நின்றால் விலை எதுவானாலும் வேண்டாம். மிகை சார்ஜையும் மிகை இறக்கத்தையும் தடுக்கும் காப்புச் சுற்றுள்ள கலங்கள் 65 மில்லிமீற்றரைவிடச் சற்று நீண்டிருப்பதால் இறுக்கமான ஹோல்டரில் நுழையாது; காப்பற்றவற்றை வாங்கினால் இரு கலத்துக்கான காப்புப் பலகையைத் தனியே சேர்க்க வேண்டும். மலிவான ஹோல்டரின் சுருள்வில், கூடிய மின்னோட்டத்தில் சூடாகும். சென்னையிலிருந்து உறவினர் யாராவது விமானத்தில் கொண்டுவருவதானால், உதிரிக் கலங்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டுக் கைப்பொதியில்தான் எடுத்துவர வேண்டும்; ஏற்றிவிடும் பொதியில் அவற்றுக்கு அனுமதி இல்லை.

ஒன்றையொன்று வளையத்துக்கு வெளியே தள்ளும் சுமோ ரோபோக்களையோ பறக்கும் கருவிகளையோ நான் கட்டியதில்லை. கணநேரத்தில் பல பத்து அம்பியர் கேட்கும் அவற்றுக்கு லிப்போவே பொருந்தும் என்று எண்கள் காட்டுகின்றன. அங்கே என் சாய்வைப் பொருட்படுத்த வேண்டாம்.