பைப் கூலிங் சிமுலேஷன் சர்வீஸ்: சில்லர் (தண்ணிய குளிர வைக்கற மெஷின்) வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிருங்க

தஞ்சாவூர் பக்கம் எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப் தயாரிக்கற லைன் ஓட்டுறோம். மேட்டூர் ஜூன் 12 தொறந்தாலும் தொறக்காட்டியும் குறுவைக்கு போர் மோட்டார் ஓடியாகணும், அதனால ஆர்டர் பூரா சித்திரை வைகாசில தான் வந்து விழும், பைப்ப ஆறவைக்கற டேங்க் தண்ணியும் அப்பத்தான் 30 டிகிரிக்கு கீழ இறங்கமாட்டேன்னு நிக்கும். கூலிங் டவர் இருக்கே என்பீங்க, அது வெட் பல்ப் டெம்பரேச்சருக்கு (ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் காட்டுற அளவு) கீழ தண்ணிய இறக்காது, நம்ம ஊரு புழுக்கத்துல அதுவே எங்க நிக்கும்னு உங்களுக்கே தெரியும். 110 எம்எம் பைப்ப கட்டர்ல அறுத்ததும் வெளிய தொட்டா ஆறித்தான் இருக்கும், உள்ள விரல விட்டா சுடும், கொஞ்ச நேரம் ரேக்ல கெடந்தா வட்டம் போயி முட்டை ஷேப்பு, முனை வேற உள்பக்கமா குவிஞ்சிடும்.

சில்லர் போடுங்கன்னு தான் எல்லாரும் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி ஒரு சிமுலேஷன் கம்பெனிகிட்ட குடுத்துப் பாத்தோம் (பேரு போடல, கீழ கொஞ்சம் திட்டப்போறேன்). பைப் சுவர மெல்லிசு மெல்லிசா லேயரா பிரிச்சு, டைய (பைப் உருவாகி வர்ற அச்ச) விட்டு 200 டிகிரி சொச்சத்துல வர்றதுலேர்ந்து ஹால் ஆஃப் (பைப்ப இழுக்கற மெஷின்) வரைக்கும் எந்த எடத்துல எந்த லேயர் எவ்ளோ சூடுன்னு கணக்கு போடுறாங்க. உள்ள இருக்கறது அசையாத காத்து, சூடு பூரா வெளிப்பக்கமா மட்டும் தான் போகணும், பிளாஸ்டிக்கோ சூட்ட லேசுல கடத்தாது. எஸ்டிஆர் 11ல (வெளி விட்டம் சுவர் தடிமன போல 11 மடங்கு) 63 எம்எம்முக்கு சுவர் 5.8, 110க்கு 10 எம்எம், ஒன்னே முக்கால் மடங்கு கூட இல்ல, ஆனா ஆறுற நேரம் தடிமனோட வர்க்கத்துல ஏறும், அதனால மூணு மடங்கு டைம் கேக்கும்.

காசு வசூலான எடம் இதான்: தண்ணிய 30லேர்ந்து 20க்கு இறக்கினா ஆறுற நேரம் சுமாரா பத்துல ஒரு பங்கு தான் குறையுதாம்! அதுக்கா சில்லரும் அதோட கரண்ட் பில்லும்? பதிலா இன்னொரு ஸ்ப்ரே டேங்க் சேத்து, ரெண்டு டேங்குக்கு நடுவுல கொஞ்சம் கேப் விடச் சொன்னாங்க. அந்த கேப்புல உள்சூடு வெளிய பரவி சமமாகுது, முனை குவியறதும் கொறஞ்சிருக்கு.

இப்ப திட்டு. மொத ரிப்போர்ட்ல தண்ணி 15 டிகிரின்னு அவங்களே போட்டுக்கிட்டு ஓட்டியிருக்காங்க, டெல்டால மே மாசம் 15 டிகிரி தண்ணி யாரு தருவா? தெர்மாமீட்டர் வச்சு அளந்து குடுத்தப்புறம் திரும்ப ஓட்டினாங்க, அதுக்கு தனி பில். அப்புறம் கலர் கலரா படம், அத பாத்துட்டு ஆபரேட்டர் "அண்ணே, ஸ்பீடு எவ்ளோ வைக்கட்டும், அத மட்டும் சொல்லுங்க"ங்கறாரு. சண்ட போட்டு தான் சைஸ் வாரியா ஸ்பீடு டேபிள் வாங்கினோம், இப்ப பேனல்ல ஒட்டியிருக்கு.

மெல்லிசு சுவர் சைஸ் மட்டும் ஓட்டுறவங்களுக்கு இது தண்டச்செலவு. 90, 110ன்னு மேல போறவங்க தாராளமா குடுங்க, ஆனா உங்க தண்ணி டெம்பரேச்சர நீங்களே அளந்து குடுங்க, ஸ்பீடு டேபிளும் ரெண்டாவது ரன்னும் ரேட்டுக்குள்ளயே சேத்தின்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்கிக்கங்க.