கடற்பறவையின் எடையும் அது போகும் தொலைவும்: தடத் தரவுகளைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் அரபிக்கடல் காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை எங்கள் வேலையையே தீர்மானிக்கிறது. அந்தக் காற்றைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான், கூடு கட்டாத மாதங்களில் கடற்பறவைகள் எங்கே போகின்றன, அவற்றின் உடலளவுக்கும் போகும் இடத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது. அதற்காக நான் தொடர்ந்து பயன்படுத்திவருபவை இரண்டு: ஆய்வாளர்கள் பதிவேற்றும் தடத் தரவுகளை, அதாவது பறவைமேல் பொருத்திய கருவி பதியும் பயணப் பாதைகளை, சேமித்துத் தரும் மூவ்பேங்க் தளமும், இனவாரியாக எடையையும் பயணத் தொலைவையும் குறித்து நானே வளர்த்துவரும் எக்செல் அட்டவணையும். இதே கேள்வியோடு வருவோருக்கு இந்த அனுபவம் பயன்படலாம்.

பெரிய உடம்புக்காரன் பட்டினியை அதிக நாள் தாங்குவான் என்பதுதான் என் தொடக்கக் கணக்கு. அதற்கு அறிவியல் அடிப்படையும் இருக்கிறது. உடலில் சேரும் கொழுப்பு எடைக்கு நேர்விகிதத்தில் கூடும். உடல் செலவழிக்கும் ஆற்றலோ, 1932-இல் உடலியல் ஆய்வாளர் மாக்ஸ் கிளைபர் காட்டியபடி, ஏறத்தாழ எடையின் முக்கால் அடுக்குக்கு மட்டுமே கூடும்; அதாவது எடை கூடும் வேகத்துக்கு அது கூடாது. ஆகவே பெரிய பறவைதான் தன் கூட்டைவிட்டு வெகுதொலைவு போகும் என்று எண்ணி, அட்டவணையை எடைவாரியாக அடுக்கினேன்.

அடுக்கியதும் எண்கள் வேறு கதை சொல்லின. ஏறத்தாழ 100 கிராம் எடையுள்ள ஆர்க்டிக் ஆலா, கிரீன்லாந்திலிருந்து அண்டார்டிகாவின் வெட்டல் கடல் வரை போய்த் திரும்புவதில் ஆண்டுக்குச் சராசரியாக 71,000 கிலோமீட்டர் பறக்கிறது என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைப்போல எட்டு மடங்கு எடையுள்ள சூட்டி ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை நியூசிலாந்திலிருந்து வட பசிபிக்குக்குப் போய்வருவதில் ஏறத்தாழ 64,000 கிலோமீட்டரைக் கடக்கிறது. 40 கிராம்கூட எட்டாத வில்சன் ஸ்டார்ம் பெட்ரல் அண்டார்டிகாவில் குஞ்சு பொரித்துவிட்டு, நிலநடுக்கோட்டைத் தாண்டி நம் கேரளக் கடலுக்கே வருகிறது. ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள தடித்த அலகு மர்ரே என்ற முக்குளிக்கும் கடற்பறவையோ, கனடாவின் ஆர்க்டிக் பாறைகளிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கடற்பகுதி வரை இறங்கி, அங்கேயே பனிக்காலத்தைக் கழித்துவிடுகிறது. எடை என்ற ஒற்றை நிரலை வைத்துத் தொலைவைக் கணிக்கவே முடியவில்லை.

ஆகவே, அட்டவணையில் இறக்கையையும் சேர்த்தேன். மர்ரேயின் சிறிய இறக்கை நீருக்குள் துடுப்புப் போடுவதற்கு ஏற்றது. அந்த இறக்கையால் காற்றில் பறப்பதற்கு அது செலவிடும் ஆற்றல், பறவைகளில் அதுவரை அளக்கப்பட்டவற்றுள் மிக அதிகம் என்று 2013-இல் கண்டறிந்தார்கள். போதாததற்கு, குஞ்சு கடலில் இறங்கிய பிறகு தந்தைப் பறவை அதனோடு நீந்தியே பயணப்படுகிறது. இறகு உதிரும் காலத்தில் சில வாரங்கள் பறக்கவும் முடியாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, வெறும் 200 கிராம் எடையுள்ள ஏன்ஷியன்ட் மர்ரலெட், கனடாவின் மேற்குக் கரையிலிருந்து பசிபிக்கையே கடந்து ஆசியக் கரைக்கு, ஒரு வழிக்கு மட்டும் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பறக்கிறது என்பதைப் பார்த்தபோது, இறக்கையும் முழு விடை அல்ல என்பது தெளிவாயிற்று.

என் தொழிலுக்கு மிக நெருக்கமாக வந்தது அல்பட்ராஸின் தடம்தான். ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பது வான்டரிங் அல்பட்ராஸுக்கு அப்படியே பொருந்தும். எட்டு முதல் பன்னிரண்டு கிலோ வரை எடையும், மூன்று மீட்டரைத் தாண்டும் இறக்கை விரிவும் கொண்ட இந்தப் பறவை, காற்று ஓய்ந்தால் பெரும்பாலும் தண்ணீரில் உட்கார்ந்துவிடுகிறது. ஜிபிஎஸ் தடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால், தூரத்தில் ஒரே கோடாகத் தெரிந்தது வளைந்து வளைந்து போகும் நெளிவுகளாக விரிகிறது. ஒவ்வொரு நெளிவிலும் பறவை காற்றை எதிர்த்து மேலேறி, உச்சியில் திரும்பி, காற்றோடு சரிந்து இறங்குகிறது. தரைமட்டத்தில் காற்று மெதுவாகவும் மேலே போகப் போக வேகமாகவும் வீசும் என்பதால்தான் நாங்கள் காற்றாலையை அவ்வளவு உயரத்தில் நிறுத்துகிறோம். கடல்மட்டத்துக்கும் சில மீட்டர் உயரத்துக்கும் இடையே உள்ள அதே வேக வேறுபாட்டிலிருந்துதான் அல்பட்ராஸ் இறக்கையை அடிக்காமலேயே ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. கனத்த உடல் இங்கே சுமையாக இல்லை. பலத்த காற்று வீசும் இடத்தில் அது வேகத்தைத் தருகிறது. காற்று அடங்கிய நிலநடுக்கோட்டுப் பகுதி இந்தப் பெரிய பறவைகளுக்கு ஒரு மதிலாக நிற்க, சின்னஞ்சிறு பெட்ரல் அதை எளிதாகக் கடந்துபோகிறது.

இதே காரணத்தால் தென்பெருங்கடலின் மேற்குக் காற்று, சாம்பல்தலை அல்பட்ராஸுக்குப் பூமியைச் சுற்றிவரும் பாதையாகிறது. தெற்கு ஜார்ஜியாவில் கருவி பொருத்திய பறவைகளுள் மிக வேகமானது 46 நாட்களில் ஒரு சுற்றை முடித்ததாக 2005-இல் பதிவாகியிருக்கிறது. என்னை இன்னும் யோசிக்க வைத்தது 2012-இல் வெளியான, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலுள்ள குரோசே தீவுகளில் நடந்த ஆய்வு: மேற்குக் காற்று வலுப்பெற்றுத் தென்துருவப் பக்கம் நகர்ந்த காலத்தில் வான்டரிங் அல்பட்ராஸின் உடல் எடை ஒரு கிலோவுக்கும் மேல் கூடியிருந்தது. எடையை மாறாத எண்ணாக அட்டவணையில் எழுதிவைப்பது போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. புத்தகங்களில் நாம் காணும் எடைகளும் பெரும்பாலும் கூட்டில் பிடித்து எடுத்தவையே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி, தரவின் இயல்பைப் பற்றி. பறவையின் எடையில் ஏறத்தாழ மூன்று விழுக்காட்டுக்கு மேல் கருவி கனக்கக் கூடாது என்பது ஆய்வாளர்கள் பரவலாகக் கடைப்பிடிக்கும் எல்லை. ஆர்க்டிக் ஆலாவின் காலில் கட்டியது 1.4 கிராம் எடையுள்ள, இடத்தைக் கணிக்க உதவும் ஜியோலொகேட்டர் என்ற கருவி; கருவிகள் அவ்வளவு சிறுக்கும் வரை சிறிய பறவைகளின் பயணத் தடங்கள் கிடைக்கவே இல்லை. ஆகவே பழைய வரைபடங்களைப் பார்த்துப் பெரிய பறவைகளே அலைகின்றன என்று முடிவுகட்டுவது தவறாகும். மேலும் ஜியோலொகேட்டர் பதிவது வெளிச்சத்தை மட்டுமே. பகலின் நீளத்திலிருந்து அட்சரேகையும் நண்பகல் நேரத்திலிருந்து தீர்க்கரேகையும் கணிக்கப்படுகின்றன. பங்குனித் தொடக்கத்திலும் புரட்டாசித் தொடக்கத்திலும் உலகெங்கும் பகலும் இரவும் சமமாகிவிடுவதால், அந்தச் சில வாரங்களில் புள்ளிகள் வடக்கும் தெற்குமாகத் தாறுமாறாகத் தாவும். புதிதாகப் பார்ப்பவர் அதைப் பறவையின் பயணம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். நான் அந்த வாரங்களின் அட்சரேகையை அட்டவணையிலிருந்தே நீக்கிவிடுகிறேன். இன்னொன்று, இந்தக் கருவியைத் திரும்ப எடுக்கப் பறவையை மறுபடி பிடிக்க வேண்டும். கூட்டுக்கு வராமல் பல ஆண்டுகள் கடலிலேயே வளரும் இளம் பறவைகள் இதில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

மூவ்பேங்கில் தேடலும் வரைபடமும் எளிது. இணைய வேகம் குறைந்த எங்கள் பக்கத்திலும் ஓரளவு திறந்துவிடும். பல தொகுப்புகளைத் தரவிறக்க, ஆய்வாளரின் அனுமதி வேண்டும். உழைத்தவர்களுக்கு அந்த உரிமை இருப்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

தொடங்குவோருக்கு நான் பரிந்துரைப்பது, வெவ்வேறு இனங்களை ஒப்பிடுவதைத் தள்ளிவைத்துவிட்டு, ஆண் பெண் குறித்த விவரம் உள்ள ஒரே இனத்தின் தொகுப்பை முதலில் எடுத்துக்கொள்வதுதான். இனம் மாறினால் இறக்கை, இரை, இறகுதிர்க்கும் முறை எல்லாமே சேர்ந்து மாறிவிடும். ஓரினத்துக்குள் அந்தக் குழப்பம் குறைவு. குஞ்சு வளர்க்க ஏறத்தாழ ஓராண்டு ஆவதால் வான்டரிங் அல்பட்ராஸ் இணை, ஒன்றை வளர்த்து அனுப்பிய அடுத்த ஆண்டை முழுக்கக் கடலில் கழிக்கிறது. அந்த ஆண்டிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் எடையுள்ள ஆண், பலத்த காற்றுள்ள தெற்குக் குளிர்நீரையும், இலேசான பெண் வடக்கே வெப்பமான நீரையும் நாடும் போக்கு தெரிகிறது. சூரை மீனுக்காக நீண்ட தூண்டில் வரிசை விடும் படகுகள் அந்த வடபகுதியில்தான் அதிகம் என்பதால், தூண்டிலில் சிக்கிச் சாவதிலும் பெண்களே கூடுதல். தூண்டில் விடப்படும் இடங்களின் வரைபடத்தையும் தடத் தரவையும் ஒரே திரையில் அடுக்கிப் பார்ப்பதைத்தான் இப்போது செய்துவருகிறேன்; உடலளவு பற்றிய கேள்வியோடு வருவோர் அங்கிருந்தே தொடங்கலாம்.