குமரி மாவட்டத்தில் இப்போது ஆபீஸ் வேலை சுலபம், ரோடுதான் கஷ்டம்

மஸ்கட்டில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் பலரும் லீவுக்குக் கிளம்பும் முன்பே “தாலுகா ஆபீஸ் வேலை இருக்கே” என்று பயப்படுகிறார்கள். அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழ், பட்டா பெயர் மாற்றம், பேங்க் கணக்கு எல்லாம் அப்படியே கிடந்ததால் நானும் அதே பயத்தோடுதான் போனேன். போய்ப் பார்த்தால் அது அவ்வளவு மோசமில்லை, ரோடுதான் மனுஷனைக் கொல்கிறது.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன், கட்டணம் 60 ரூபாய். அங்கே இருந்த பெண் டைப் செய்ய ஆரம்பிக்கும் முன் எல்லாக் காகிதத்தையும் மேஜையில் வரிசையாக வைத்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தார். “அண்ணா, இறப்புச் சான்றிதழ்ல அப்பாவுக்கு ஒரு இன்ஷியல்தான் இருக்கு, ஆதார்ல ரெண்டு இருக்கு, இப்படியே போட்டா திருப்பி அனுப்பிருவாங்க” என்றார். அதை முதலில் சரி செய்துவிட்டுப் போட்டதால் அப்புறம் எங்கும் சிக்கவில்லை. வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து விசாரித்தார், அடுத்தடுத்து யார் மேஜைக்குப் போகிறது என்று போனில் மெசேஜ் வந்துகொண்டே இருந்தது, கடைசியில் சான்றிதழை வீட்டிலிருந்தே இறக்கிக்கொண்டேன். பத்து ரூபாய்கூட யாரும் கூடுதலாகக் கேட்கவில்லை.

பட்டாவில் கொஞ்சம் இழுத்தது. கம்ப்யூட்டர் பட்டாவில் பரப்பு குறைவாக இருந்ததால் சர்வேயர் மூலப் பத்திரம் வேண்டும் என்றார். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்ததல்லவா, பாட்டா (தாத்தா) வாங்கிய பத்திரம் மலையாளத்தில், அவர்கள் கணக்கான கொல்லம் ஆண்டு 1112 மேடம் மாதம் என்று எழுதியிருக்கிறது. 825-ஐக் கூட்டினால் 1937. பத்திர எழுத்தர் ஒருவர், நல்ல வயதானவர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்து, “மக்களே, கிழக்கு எல்லை தோடுன்னு (ஓடை) தெளிவா எழுதியிருக்கு, பயப்படாதே” என்று தமிழில் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துத்தான் வேலை முடிந்தது. இப்படி வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், வீட்டில் பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் இப்போதே படித்து எழுதி வாங்கி வைத்துவிடுங்கள்.

பேங்க்தான் எரிச்சல். ஒரு கிளையில் பாஸ்போர்ட், விசா நகல் எல்லாம் கொடுத்த பிறகும் “சார் லீவு, நாளைக்கு வாங்க” என்று திரும்பத் திரும்ப அலைய விட்டார்கள். ஆனால் சாயாக் கடையில் ரசவடைக்குக்கூட ஓமன் நம்பரில் இருக்கும் என்.ஆர்.இ. (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான) கணக்கிலிருந்தே யு.பி.ஐ.-யில் பணம் கொடுக்க முடிந்தது, 2023-க்குப் பிறகு வந்த இந்த வசதி நமக்கு உண்மையிலேயே பெரிய உதவி.

அம்மாவைப் பற்றி இருந்த கவலையும் குறைந்தது. சுகர், பிரஷர் மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது, கொண்டு வரும் பெண் பிரஷரையும் பார்த்துவிட்டு அம்மாவிடம் “உப்பைக் குறைங்கம்மா” என்று உரிமையோடு சண்டை போட்டுவிட்டுப் போகிறார். நாகர்கோவில் வடசேரி சந்தைக்கு அம்மா டவுன் பஸ்ஸில் பெண்களுக்கான இலவசப் பயணத்தில் போய் சாளை மீனும் மரச்சீனிக் கிழங்கும் வாங்கி வருகிறாள், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. நம் ஊரில் குக்கிராமத்துக்கும் பஸ் உண்டு என்பதன் அருமை வெளியே இருப்பவனுக்குத்தான் தெரியும். மட்டிப்பழம், அக்கானி (பதநீர்), ராத்திரி மழை, இதெல்லாம் நான் எழுத ஆரம்பித்தால் நிற்காது.

சரி, ரோட்டுக்கு வருகிறேன். திருவனந்தபுரத்தில் இறங்கி பைபாஸ் பிடித்தால் எல்லையில் இருக்கும் காரோடு வரை நாலு வழிச்சாலையில் வேகமாக வந்துவிடலாம். அதோடு நல்ல ரோடு முடிந்தது. நம் பக்கத்து நாலு வழிச்சாலை வருஷக்கணக்காக இழுக்கிறது. களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று எல்லாப் போக்குவரத்தும் அந்தப் பழைய ரோட்டில்தான், அதிலேயே கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறினால் கொஞ்சம் மூச்சு விடலாம், இறங்கியதும் மறுபடி குழிதான். எழுபது கிலோமீட்டர் சொச்சம் வருவதற்குள் இடுப்பு போய்விட்டது, முன்னால் போன பைக்கில் குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு லாரியை ஒட்டி ஒதுங்கியவர்களைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. நமக்கு இது லீவில் ஒரு நாள், அவர்களுக்குத் தினமும் இதுதான். ஒரு சான்றிதழை இத்தனை ஒழுங்காகக் கொடுக்க முடிகிற ஊரில் ஒரு ரோட்டை முடிக்க ஏன் இத்தனை வருஷம் என்று எம்.எல்.ஏ., எம்.பி. எல்லோரிடமும் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

போகிறவர்கள் முடிந்தால் அதிகாலையில் இறங்கும் விமானமாகப் பாருங்கள், விடியும் முன் மார்த்தாண்டத்தைத் தாண்டிவிடலாம். ஆதார், பாஸ்போர்ட், இறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இன்ஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.